இறால் கம்பெனிக்குள் வந்த ஜிகினா

எங்கள் கம்பெனி இறாலில் ஒரு தலைமுடி கிடந்தால் அது யார் தலைமுடி என்று என்னால் சொல்லிவிட முடியும். நீளம், நரை, சாயம், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் பார்த்து ஆளைப் பிடித்துவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, என் தொழிலே அதுதான். சரி, கொஞ்சம் பெருமையும் உண்டு. தூத்துக்குடியில் இறாலும் கணவாயும் பதப்படுத்தி வெளிநாட்டுக்குக் கப்பலேற்றும் கம்பெனி ஒன்றில் பதினெட்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பில் இருக்கிறேன். முகத்துக்கு முன்னால் எல்லோரும் ‘க்யூ.சி. மேடம்’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் என்ன சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அது இங்கே வேண்டாம்.

என் மேஜையில் ஒரு தடி நோட்டு இருக்கிறது. இறாலோடு சேர்ந்து வரக்கூடாத எது வந்தாலும் அதை எடுத்துத் துடைத்து அந்த நோட்டில் டேப் போட்டு ஒட்டவேண்டும். பக்கத்துக் கட்டங்களில் எந்த டேபிள், எந்த நேரம், எங்கிருந்து வந்தது, யார் பொறுப்பு என்று எழுதவேண்டும். வலைநூல் துண்டு, மரச் சிலும்பு, நகப்பூச்சுத் துணுக்கு, ஒரு தடவை ஒரு ஸ்டிக்கர் பொட்டு என்று பல வருடத்து வேண்டாத சாமான்களெல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. ‘எங்கிருந்து வந்தது’ என்ற கட்டத்தை நான் ஒருநாளும் காலியாக விட்டதில்லை. ‘தெரியவில்லை’ என்று எழுதுகிறவளுக்கு அந்த நாற்காலி எதற்கு?

என்னிடம் வேலை பழக வருகிற பெண்களுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். “ஒரு பக்கத்தை மட்டும் பாத்துட்டுத் தட்டுல போடாதீங்க. திருப்பிப் பாருங்க.” இறால் அப்படித்தான். மேல் பக்கம் பளிங்காக இருக்கும், திருப்பினால் வாலோரம் கறுப்பு விழுந்திருக்கும். திருப்பாமல் போட்டவளை நான் சும்மா விட்டது கிடையாது. வீட்டில் கத்தரிக்காய் வாங்கினால்கூட அப்படித்தான் பார்க்கிறேன் என்று என் மகள் கேலி செய்வாள்.

இவ்வளவு கறாரான நான் வீட்டில் ஜிகினாப் பைத்தியம். கடற்கரைக் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவள், டிசம்பர் பிறந்தாலே எனக்குக் கை பரபரக்கும். சவுக்குக் கிளை ஒன்றை வாங்கி வந்து, பழைய பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி நட்டு, உச்சி முதல் அடி வரை ஜிகினா சுற்றுவேன். அதோடு நிற்காது. ஜன்னல் கம்பி, மாதா படம், டி.வி., ஃபிரிட்ஜின் கைப்பிடி என்று ஒன்றையும் விட்டுவைக்கமாட்டேன். குசினிக்குள் மட்டும் கட்டுவதில்லை, சோற்றில் விழும் என்று. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை பார்க்கிறார். நான் சொல்லப்போகிற டிசம்பருக்கு முந்திய விடுமுறையில் அவர் வந்தபோது எனக்கென்று ஒரு ஜிகினா கொண்டுவந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கி வாங்கியது. ஒரு பக்கம் வெள்ளி, மறு பக்கம் மயில் கழுத்துப் பச்சை. விளக்கைப் போட்டால் வெள்ளியும் பச்சையும் மாறி மாறி மின்னும். அந்த ஜிகினா தூத்துக்குடி பஜாரில் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. கம்பெனிக்கும் போய், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் படத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் கம்பெனியில் ஜிகினாவுக்குத் தடை. தடை போட்டதும் நான்தான். பூ, பொட்டு, வளையல், கம்மல், கொலுசு எதுவும் உள்ளே வரக்கூடாது என்கிற இடத்தில் உதிர்கிற பொருளான ஜிகினாவை யாராவது விடுவார்களா? வருடா வருடம் டிசம்பரில் பெண்கள் வந்து சாப்பாட்டு ஹாலில் கட்டிக்கொள்கிறோம் என்று கேட்பார்கள். வருடா வருடம் நான் முடியாது என்பேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த டிசம்பரில் கேட்க வந்தவள் மூன்றாம் டேபிள்காரி. இறால் உரிக்கிற ஹாலில் ஒவ்வொரு டேபிளுக்கும் ஒருத்தி தலைவி மாதிரி இருப்பாள். மூன்றாவதுக்கு இவள். ஆலந்தலையிலிருந்து விடிவதற்கு முன்னால் கம்பெனி வேன் ஏறி வருகிறவள். பன்னிரண்டு வருடமாக ஐஸ் தண்ணீரில் கை வைத்து, விரல் மூட்டெல்லாம் வீங்கி, நுனித்தோல் வெளுத்துப்போயிருந்தது. ஐஸில் கை வைப்பதை நிறுத்தாவிட்டால் விரலை மடக்க முடியாமல் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜனவரியில் ஒரு சூப்பர்வைசர் இடம் காலியாகிறது, சூப்பர்வைசருக்குக் கையில் பேனாவும் அட்டையும்தான். அந்த இடத்துக்கு இவள்தான் சரி என்று நானே மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தேன். என் கையெழுத்தோடு ஒரு குறிப்பு போகவேண்டியதுதான் பாக்கி. அது அவளுக்கும் தெரியும்.

“மேடம், சாப்பாட்டு ஹால்ல மட்டும் ஜிகினா கட்டிக்கிடுதோம்.”

“முடியாது.”

“ஏன் முடியாது?”

இத்தனை வருடத்தில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. “இறாலுக்குள்ள போயிரும்” என்றேன்.

“சாப்பாட்டு ஹால் எங்கன இருக்கு, இறால் எங்கன இருக்கு? நடுவுல திறந்த முத்தம் இருக்கு, துணி மாத்துத ரூம் இருக்கு, குளோரின் தண்ணி இருக்கு, வாசல்ல மேலெல்லாம் உருட்டித் தூசி எடுக்க ரோலர் அக்கா இருக்காவ. இம்புட்டையும் தாண்டி ஒரு ஜிகினா உள்ள போச்சுன்னா, நாம வச்சிருக்க காவல் எதுக்கு மேடம்?”

எனக்குக் கோபம் வரவேண்டும், ஆனால் வரவில்லை. என் காவலை நம்பித்தானே அவள் கேட்கிறாள். அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே ஒரு இழை வந்தாலும் யார் பொறுப்பு என்றேன்.

“நான் பொறுப்பு.”

யோசிக்காமல் சொன்னாள். நான் நிபந்தனைகளை அடுக்கினேன். தலைக்கு மேலேதான் கட்டவேண்டும், சாப்பிடுகிற பெஞ்சுப் பக்கம் தொங்கக்கூடாது. வெட்டுவதெல்லாம் கம்பெனி கேட்டுக்கு வெளியே. கட்டி முடித்தவர்கள் அன்றைக்கு மறுபடி உள்ளே போகக்கூடாது. பெட்டித் தெர்மாகோலில் நட்சத்திரம் செய்கிறேன் பேர்வழி என்று யாராவது கிளம்பினால் எல்லாவற்றையும் பிய்த்துவிடுவேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, அட்டைப்பெட்டியில் நட்சத்திரம் செய்யலாமா என்று கேட்டாள். செய்யச் சொன்னேன்.

ஷிப்ட் முடிந்த ஒரு சாயங்காலம் கட்டினார்கள். நான் எட்டிப் பார்க்கப் போனேன், அதாவது சோதிக்க. பஜாரில் வாங்கிய சாதாரண ஜிகினாதான், பாதி சிவப்பு, பாதி வெள்ளி. ஆனால் அந்தப் பெண்கள் அதை இறாலைத் தரம் பிரிப்பது மாதிரியே நீளவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நீளமானது ஒரு தட்டில், நடுத்தரம் ஒரு தட்டில், துண்டு துணுக்கு ஒரு தட்டில். ஒருத்தி ஏணியில் நின்று கேட்க, மூன்றாம் டேபிள்காரி கீழிருந்து எடுத்துக் கொடுத்தாள். “ஏளா, பெரிய கவுண்ட்ட எடுத்து ஓரத்துல போடு, சின்னது நடுவுக்கு வரட்டும்” என்று இறாலுக்கு அளவு சொல்கிற பேச்சிலேயே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்களில் பாதிப்பேர் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், பாதிப்பேர் இல்லை. ஏணியில் நின்றவளே திருச்செந்தூருக்கு மாலை போட்டிருந்தவள்தான்.

கட்டி முடித்ததும் ஹால் ஜொலித்தது. இத்தனை வருடம் இதையா தடுத்தோம் என்று எனக்கு ஒரு மாதிரி ஆயிற்று. வாய்விட்டுச் சொல்லவில்லை. “சரி, விழாமப் பாத்துக்கிடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ரோலர் அக்காவுக்குத்தான் வேலை கூடிப்போயிற்று. உரிக்கிற ஹாலுக்குள் போகிற வாசலில் அவர் நிற்பார். பசை தடவிய காகிதம் சுற்றிய உருளை ஒன்று அவர் கையில் இருக்கும். வருகிற ஒவ்வொருத்தியும் கையை விரித்து நிற்கவேண்டும். தோள், முதுகு, கை, இடுப்பு என்று அவர் உருட்டுவார். திரும்பச் சொல்லி மறு பக்கமும் உருட்டுவார். முடி, தூசி, நூல் எதுவானாலும் பசையில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் குளோரின் தண்ணீரில் பூட்ஸ் காலை நனைத்து உள்ளே போகலாம்.

ஒருத்தியைத் தவிர எல்லோரும் அப்படித்தான் போவார்கள். அந்த ஒருத்தி நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கையை விரித்து நின்றவள்தான். பொறுப்புக்கு வந்த பிறகு, என் முதுகில் உருட்ட ரோலர் அக்கா கூச்சப்பட்டார். நான் வரும்போது ஒதுங்கி நின்று “வாங்க மேடம்” என்பார். நானும் தலையசைத்துவிட்டுப் போய்விடுவேன். என்னிடம் என்ன இருக்கப்போகிறது? போதாததற்கு மற்றவர்களின் வெள்ளைக் கோட்டெல்லாம் கம்பெனியிலேயே வெளுக்கும், கம்பெனியிலேயே காயும். அந்தச் சோப்பு வாசனை எனக்கு ஆகாது என்று என் கோட்டை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுக் கொண்டுவருவேன். அந்தக் கம்பெனியில் என் கோட்டு மாதிரி வெள்ளைக் கோட்டு கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. வெளிநாட்டில் எங்கள் சரக்கை வாங்குகிறவர்களின் ஆள் இரண்டு நாளில் பார்வையிட வருவதாக இருந்தது. காலை பத்து மணி வாக்கில், மூன்றாம் டேபிளிலிருந்து வந்த ஒரு தட்டை நான் குனிந்து பார்க்கிறேன், உரித்த இறாலுக்கு நடுவே அரை விரல் நீளத்துக்கு ஒரு ஜிகினா இழை. வெள்ளியாக மினுக்கிக்கொண்டு கிடக்கிறது. குண்டூசி முனை விழுந்தாலே கூச்சல் போடுகிற மெஷின் ஒன்று பேக்கிங் பக்கம் இருக்கிறது. இந்த மெல்லிசு இழைக்கு அது வாயே திறக்காது. என் கண்ணில் படாமல் போயிருந்தால் அது கடல் கடந்து யாருடைய தட்டிலோ போய் உட்கார்ந்திருக்கும்.

இடுக்கியால் எடுத்துச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டேன். “மெஷினையெல்லாம் நிப்பாட்டு” என்றேன். ஹாலே அமைதியானது. மூன்றாம் டேபிள்காரியைக் கூப்பிட்டேன். எத்தனையோ பெண்கள் கையில் இறாலோடு பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“இது என்ன?”

அவள் உறையைப் பார்த்தாள். “ஜிகினா மாதிரி இருக்கு மேடம்.”

“மாதிரி என்ன மாதிரி? ஹால்ல கட்டினியே, அதுல இருந்துதான் வந்திருக்கு. அன்னைக்கு என்ன சொன்ன? நான் பொறுப்புன்னு வாய் கிழியச் சொன்னியே.”

“எங்க டேபிள்ல யாரும் அதைத் தொட்ட கையோட உள்ள வரல மேடம். ஒருதடவ நல்லாப் பாருங்க.”

“பதினெட்டு வருஷமாப் பாக்கேன். நீ எனக்குப் பாக்கச் சொல்லிக் குடுக்காத.”

அதற்கு மேல் அவள் பேசவில்லை. அவள் பேசாதது எனக்குக் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி தெரிந்தது. இன்னும் நாலு வார்த்தை கூடுதலாகவே திட்டினேன். உன்னைப் போய் சூப்பர்வைசராகப் போடச் சொன்னேனே, என் புத்தியைச் சொல்லவேண்டும் என்றேன். அந்த வார்த்தையில் அவள் முகம் மாறியது. “நான் பொறுப்புன்னு சொன்னேன். பொறுப்புதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு டேபிளுக்குப் போய்விட்டாள்.

அப்படி ஒன்று அகப்பட்டால், அதோடு வந்த சரக்கு முழுவதையும் மறுபடி ஐஸ் தண்ணீரில் கொட்டி ஒவ்வொரு இறாலாகப் பார்க்கவேண்டும் என்பது விதி. மூன்றாம் டேபிளே பார்க்கட்டும் என்றேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பார்த்தார்கள். அவள்தான் முன்னால் நின்று, அந்த வீங்கின விரல்களால் ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, மறு தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். வேறொன்றும் கிடைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில், அன்று மறுபடி உள்ளே போகாத பெண்களை விட்டு ஜிகினா முழுவதையும் அவிழ்க்கச் சொன்னேன். ஒருத்தியும் முணுமுணுக்காமல் அவிழ்த்தார்கள்.

பிற்பகல் என் அறையில் உட்கார்ந்து மேனேஜருக்கான குறிப்பை எழுதினேன். மூன்றாம் டேபிள் தலைவியின் கவனக்குறைவு, ஆகவே சூப்பர்வைசர் இடத்துக்கு நான் செய்த சிபாரிசைத் திரும்பப் பெறுகிறேன் என்று. நல்ல ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அதன் பிறகு இழையை நோட்டில் ஒட்டவேண்டும். உறையைப் பிரித்து, இடுக்கியால் எடுத்து, ஈரம் போக ஒரு காகிதத்தில் ஒற்றினேன். காகிதத்தை எடுத்தபோது இழை புரண்டு கிடந்தது.

மயில் கழுத்துப் பச்சை.

சாப்பாட்டு ஹாலில் கட்டியது சிவப்பும் வெள்ளியும்தான். அந்த வெள்ளி இரண்டு பக்கமும் வெள்ளி. இந்தப் பச்சை இந்த ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் இருக்கிறது, அதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்ததும் நான்தான். முந்தின நாள் சாயங்காலம் சவுக்குக் கிளை சாய்ந்துவிட்டது என்று நிமிர்த்தி, ஜிகினாவை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். இஸ்திரி போட்ட கோட்டு பக்கத்துச் சோஃபாவின் முதுகில் கிடந்தது. காலையில் அதைத்தான் எடுத்து மாட்டிக்கொண்டு வந்தேன். ரோலர் அக்கா ஒதுங்கி நின்று “வாங்க மேடம்” என்றார், நான் உள்ளே போனேன். அந்தத் தட்டின் மேல் குனிந்ததும் நான்தான்.

இப்போது உண்மையைச் சொல்லவேண்டும். நான் உடனே எழுந்து ஓடவில்லை. அந்த இழையை மறுபடி வெள்ளிப் பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்தேன். அப்படியே டேப் போட்டு ஒட்டிவிட்டால் அவ்வளவுதான், அதன் மறு பக்கத்தை இந்த உலகத்தில் யாரும் பார்க்கப்போவதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நிமிடம் என்று சொன்னால் பொய், ஐந்து நிமிடம் இருக்கும். பதினெட்டு வருடத்தில் சம்பாதித்த பெயர் ஒரு பக்கம். பெயரைப் பற்றி யோசித்தபோதெல்லாம் எனக்கு அவளுடைய விரல்கள்தான் ஞாபகம் வந்தன. என் கோட்டிலிருந்து விழுந்த குப்பைக்காக அவள் இரண்டு மணி நேரம் ஐஸில் கையை வைத்திருந்தாள். நான் பின்னால் கைகட்டி நின்று வேலை வாங்கினேன். அது மட்டும் இன்றைக்கும் எனக்குச் செரிக்கவில்லை.

இழையைப் புரட்டி, பச்சைப் பக்கம் மேலாக ஒட்டினேன். ‘எங்கிருந்து வந்தது’ என்ற கட்டத்தில் ‘தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளரின் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரம்’ என்று எழுதினேன். ‘யார் பொறுப்பு’ என்ற கட்டத்தில் என் பெயர். மேனேஜருக்கு எழுதிய குறிப்பைக் கிழித்துப்போட்டு, சிபாரிசை வேறு தாளில் புதிதாக எழுதினேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

அவர் நோட்டை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“இத எதுக்கு மேடம் எழுதுதீங்க? நாளைக்கழிச்சு அந்த ஆள் வந்து நோட்டைப் புரட்டுவான். வேற யாரு பேராவது போட்ருவோம். இல்லன்னா தெரியலன்னு எழுதுங்க.”

“தெரியலன்னு நான் எழுதினதே இல்ல சார்” என்றேன். “வேலைக்கு வேட்டு வச்சாலும் பரவாயில்ல. அந்த ஆள்ட்ட நானே பேசிக்கிடுதேன்.”

என் குரலைப் பற்றி அவருக்குத் தெரியும். சிபாரிசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்த வேலை முடிந்தது, இனி அவளிடம் சொல்லவேண்டும். மேனேஜரிடம் பேச வராத தயக்கமெல்லாம் இதற்கு வந்தது. வேன் கிளம்புவதற்கு முன்னால் அவளை என் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நோட்டைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். உன்மேல் தப்பில்லை, ஜனவரியிலிருந்து நீதான் சூப்பர்வைசர் என்றும் சொன்னேன். நிம்மதியாக மூச்சு விடுவாள் என்று எதிர்பார்த்தேன், அழுதாலும் அழுவாள் என்றுகூட நினைத்தேன்.

அவள் நோட்டின் மேல் குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“மேடம், என்னையத் திட்டினது எங்கன வச்சு?”

“ஹால்ல வச்சு.”

“அத்தனை பொம்பளைங்க முன்னால திட்டினிய. இத மட்டும் கதவைச் சாத்திட்டு ரூமுக்குள்ள வச்சுச் சொல்லுதிய. வேன்ல போவையில இந்தக் கதைய நான் சொன்னா எவ நம்புவா? சூப்பர்வைசர் வேலைக்காகக் கட்டிவிடுதான்னு சொல்லுவாளுவ.”

எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருடத்தில் அந்த அறைக்குள் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கோபமும் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நாளைக்கு மத்தியானம் சொல்கிறேன் என்றேன். “வாரேன் மேடம்” என்று சொல்லிவிட்டு வேன் ஏறப் போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் மொட்டையாகக் கிடந்த அந்தச் சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் பெஞ்சுகளுக்கு நடுவில் நின்று, நேற்றைக்கு வந்த இழை என் வீட்டு ஜிகினா, என் கோட்டில் ஒட்டி வந்தது, மூன்றாம் டேபிளில் யார் மேலும் தப்பில்லை, நான் திருப்பிப் பார்க்காமல் திட்டிவிட்டேன் என்று சொன்னேன். குரல் நடுங்கவில்லை. தப்பை ஒத்துக்கொள்வதற்கும் ஒரு தோரணை வேண்டும், அது எனக்கு இருக்கிறது. நோட்டைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதை முதல் பெஞ்சில் வைத்து, பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றேன்.

அன்றைக்கு ஏணியில் நின்று கட்டியவள் முதலில் வந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, “இது அந்தக் கப்பல் ஜிகினால்லா, போன்ல காட்டினாவளே” என்றாள். யாரோ சிரித்தார்கள். அப்புறம் ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? மூன்றாம் டேபிள்காரி மட்டும் சிரிக்காமல் எழுந்து வந்தாள்.

“அப்ப ஜிகினாவ மறுபடியும் கட்டலாமா மேடம்?”

“தூரப் போடலையா?”

“நல்ல பொருள எவளாவது தூரப் போடுவாளா?” என்று மூலையிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினாள். நீளவாரியாகப் பிரித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஒவ்வொரு பையிலும் அளவு எழுதி வைத்திருந்தார்கள். அன்று சாயங்காலமே ஏறிக் கட்டினார்கள். ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். என் கப்பல் ஜிகினாவிலும் கொஞ்சம் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வாங்குகிறவர்களின் ஆள் வந்தார், நோட்டைப் புரட்டினார், அந்தப் பக்கத்தில் நின்றார். இந்தப் பொறுப்பாளர் யார் என்று கேட்டார். நான்தான் என்று சொல்லி, வீட்டில் துவைத்த கோட்டில் அது ஒட்டி வந்ததையும் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இப்போது அந்தக் கோட்டு எங்கே துவைக்கப்படுகிறது என்று மட்டும் கேட்டார். கம்பெனியில் என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அந்தச் சோப்பு வாசனை இன்னும் எனக்கு ஆகவில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜனவரி முதல் வாரத்தில் அவள் சூப்பர்வைசரானாள். வேலை ஏற்ற அன்று காலையில் நான் உரிக்கிற ஹால் வாசலுக்குப் போனபோது ரோலர் அக்கா பழக்கதோஷத்தில் ஒதுங்கி நின்றார். நான் நின்று கையை விரித்தேன். அவர் உருளையைத் தூக்கவில்லை, கூச்சத்தில் நெளிந்தார். அந்தப் பக்கம் அட்டையும் பேனாவுமாக நின்ற புது சூப்பர்வைசர் பார்த்தாள். பேனாவைக் காதில் செருகிவிட்டு, அக்கா கையிலிருந்து உருளையை வாங்கினாள்.

தோளில் தொடங்கி, முதுகு, கை, இடுப்பு என்று நிதானமாக உருட்டினாள். யாருக்கும் செய்வது மாதிரிதான் செய்தாள், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் போகக் காலெடுத்தேன்.

“நில்லுங்க மேடம். திரும்புங்க, அந்தப் பக்கம் பாக்கல.”

திரும்பினேன். மறு பக்கமும் உருட்டி முடித்து, பசைக் காகிதத்தை உரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு நரைமுடி மட்டும் ஒட்டியிருந்தது. யாருடையது என்று இரண்டு பேருக்குமே தெரியும். “போங்க” என்று என் முழங்கையைத் தொட்டு அனுப்பினாள். பன்னிரண்டு வருடமாக எப்போது பட்டாலும் ஐஸாகச் சில்லிடுகிற விரல்கள் அவை. அன்றைக்குக் காய்ந்து, கதகதவென்று இருந்தன.